ஈர எடை

பாளையம்பட்டி வளைவில் டவுன் பஸ் வேகம் குறையும்போது, இடது பக்க ஜன்னலில் இருப்பவர்களுக்கு வேங்கடபதி வீட்டுப் பின்கொல்லை முழுசாகத் தெரியும். துவைகல், சிமெண்டுத் தொட்டி, முருங்கை மரத்திலிருந்து பாத்ரூம் சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டிய நைலான் கொடி. அந்த ஜன்னலுக்காகவே காளீஸ்வரி காலேஜ் வாசலில் முட்டி மோதி முதல் ஆளாக ஏறுவாள். கண்டக்டர் கூடக் கேலி பேசுவார். “எம்மா, பாளையம்பட்டிக்குப் பத்து நிமிசம். என்னமோ மெட்ராஸ் வரைக்கும் போற மாதிரி சீட்டு பிடிக்கிறே.”

அன்றைக்குக் கொடியில் மூன்று துணிதான் இருந்தது.

அவள் மறுபடி எண்ணினாள். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த வெள்ளைத் துணிகள். மூன்றேதான். பஸ் வளைவைத் தாண்டிவிட்டது. மாசி மாத வெயிலில் துணி கால்மணி நேரத்தில் காயும் என்பது உண்மை. ஆனால் மாமியார் நாகமணி காய்ந்ததும் எடுப்பவள் இல்லை. பொழுது சாய்ந்து, விளக்குப் போடுவதற்கு முன்னால்தான் மொத்தமாக உருவிக்கொண்டு வருவாள். காலையிலிருந்து பிள்ளை நனைத்த துணி எத்தனை என்று அந்தக் கொடி சொல்லிவிடும். ஆறு இருக்க வேண்டும். ஏழு இருந்தால் நல்லது.

மூன்று என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

ரோஷினிக்கு ஏழு மாதம். பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. பால் குடிப்பதே அவளுக்கு ஒரு வேலை. நாலு மடக்குக் குடித்தால் நெற்றி வேர்த்துவிடும், உதட்டோரம் நீலம் ஓடும். மதுரை டாக்டர் படம் வரைந்து காட்டிச் சொல்லியிருந்தார்: ஓட்டையை அடைத்துவிடலாம், பயப்பட வேண்டாம், ஆனால் ஆபரேசனைத் தாங்குவதற்குப் பிள்ளை ஐந்து கிலோவாவது இருக்க வேண்டும். அதுவரைக்கும் உடம்பில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்ள ஒரு மருந்து. காலை ஏழு மணிக்கு ஒரு மில்லி, மதியம் இரண்டு மணிக்கு ஒரு மில்லி. இனிப்பாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கொடுத்த அரைமணி நேரத்தில் பிள்ளை துணியை நனைக்க ஆரம்பிக்கும். வீட்டில் அதற்கு ‘நீர் மருந்து’ என்று பேர்.

ஐந்து கிலோ. அந்த வீட்டில் மூன்று பெரியவர்களும் அந்த ஒரு எண்ணைத்தான் தின்று, அந்த ஒரு எண்ணைத்தான் போர்த்திப் படுத்தார்கள். புதன்கிழமை தோறும் அங்கன்வாடியில் துர்காதேவி டீச்சர் எடை பார்த்து அட்டையில் எழுதுவாள். நாலு கிலோ நூறு. நாலு நூற்றைம்பது. ஒரு வாரம் சளி பிடித்தால் மறுபடி நாலு நூறு. டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் ஐந்து கிலோவுக்குக் காத்திருக்கிற அவகாசம் இருக்காது என்று.

காளீஸ்வரி கெமிஸ்ட்ரி மூன்றாம் வருசம். பரளச்சியில் மிளகாயும் மல்லியும் போடுகிற வானம் பார்த்த காட்டுக்காரர் வீட்டுப் பெண். முதல் வருசத்தில் பஸ்ஸில் பழகிய அரவிந்த்குமாரை, ரெண்டாம் வருச நடுவில் இருக்கன்குடி கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அரவிந்த்குமாருடையது நெசவு செய்கிற வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நாகமணி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், “படிப்ப விட்டுறாத அம்மாயி. விட்டா எங்க வீட்டுக்கு வந்துதான் கெட்டுப்போனன்னு ஊரு எங்களச் சொல்லும்” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தெலுங்கில் ‘அம்மாயி’ என்றால் பெண்ணே. அதுதான் அவள் சம்மதம். அரவிந்த்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான்.

காலையில் காளீஸ்வரி தாய்ப்பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் டம்ளரில் மூடி வைத்து, நீர் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பாலாடையில் பால் புகட்டுவதும், மதிய மருந்தும் நாகமணி பொறுப்பு. இரண்டு மணி வகுப்பில் மார்பு கனத்து, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இந்நேரம் மருந்து உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நாள் போகாவிட்டால் பரீட்சையே எழுத முடியாது.

பிராக்டிகல் நெருங்கியதும் காலை ஏழு மணிக்கே லேபுக்கு வரச் சொன்னார்கள். அதற்கு ஆறு மணி பஸ்ஸை விட்டால் வேறு இல்லை. காலை மருந்தும் நாகமணி கைக்குப் போனது.

அந்த வாரத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் எடை. நாலு கிலோ இருநூறு இருந்த பிள்ளை ஏழு நாளில் நாலு கிலோ நானூற்று ஐம்பது. துர்காதேவி டீச்சர் மெஷினை அணைத்துப் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள். “ஏ காளி, என்னத்தப்பா குடுத்த? எனக்கும் சொல்லு, எங்க வீட்டு ஒல்லிக்குச்சிக்கும் குடுக்கேன்” என்று சிரித்தாள். நாகமணி பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாள். மாமனார் வேங்கடபதி தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, “அப்படிச் சொல்லு எம் பேத்திய” என்று ஒரு தரம் சத்தம் கொடுத்தார்.

காளீஸ்வரி சிரித்தாள். ஆனால் ராத்திரி பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்தபோது, கன்னம் தளதளவென்று இருந்ததே தவிர கையில் சதை இல்லை. கண்ணிமை தேனீ கொட்டின மாதிரி உப்பியிருந்தது. பாதத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக எழுந்தது.

அப்புறம் துணி. ஆறு நாலாகி, நாலு மூன்றானது.

“அத்தை, புள்ள இன்னைக்கு எத்தன தடவ போனா?”

“போனா, போனா. நான் என்ன கணக்கா எழுதி வைக்க முடியும்?” நாகமணி தறிக்கு நூல்தார் சுற்றுகிற ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள். “நாள் பூரா ஓயாம போச்சு.”

“கொடியில மூணுதான் கெடந்துச்சு.”

ராட்டை நின்றது. “பஸ்ஸுல வாரப்பவே எண்ணிக்கிட்டு வாரியோ?”

நாகமணி மறுபடி ராட்டையைச் சுற்றினாள்.

காளீஸ்வரி மருந்துப் பாட்டிலைப் பார்த்தாள். குறைய வேண்டிய அளவு குறைந்திருந்தது. மறுநாள் லேபிலிருந்து கண்ணாடியில் எழுதுகிற பேனாவைக் கொண்டு வந்து, பாட்டிலின் பின்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு போட்டாள். அடுத்த நாள் சாயங்காலம் இரண்டு மில்லி அளவுக்குக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறார்களோ என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். அதே இனிப்பு. பாட்டிலில் தப்பு இல்லை. அப்படியென்றால் மருந்து எங்கே போகிறது?

மூன்றாவதாக எறும்பு. துவைகல்லின் மேற்கு மூலையில், சோப்பு நுரை படாத இடத்தில், சின்ன எறும்புகள் சாரை வைத்திருந்தன. அங்கே சோறு சிந்துவதில்லை. குனிந்து பார்த்தாள். கல்லில் காய்ந்த ஆரஞ்சுக் கறை, ஒரு பைசா அகலத்துக்கு.

அதைப் பார்த்த பிறகு அவளுக்கு அந்த வீட்டில் எதுவுமே நேராகத் தெரியவில்லை. நாகமணி பிள்ளையை மார்போடு அணைத்தால், எதற்கு இத்தனை இறுக்கம் என்று இருந்தது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டேன் என்றால், எப்படித் தூங்க வைத்தாய் என்று இருந்தது. ஐப்பசியில் நாகமணியின் தங்கை வீரசோழனிலிருந்து வந்திருந்தபோது, காளீஸ்வரி காதில் விழட்டும் என்றே தமிழில் சொல்லிவிட்டுப் போன பேச்சு ஞாபகம் வந்தது: “ஓட்டை ஒடசல வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு அல்லாடுறது? வயசா போயிருச்சு? அடுத்ததப் பெத்துக்கிட்டாப் போச்சு.” அன்றைக்கு நாகமணி தங்கையைத் திட்டவில்லை. தலையைக் குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அரவிந்த்குமாருக்குப் போன் போட்டாள். எறும்பைப் பற்றிச் சொன்னாள்.

“எறும்பா?” அவன் பக்கத்தில் மெஷின் சத்தம். “நீ எறும்ப வச்சு எங்கம்மாவ சந்தேகப்படுறியா? அவுக ஒரு நாளைக்கு ஒம்போது தடவ பாலாடையில பால் ஊட்டுறாக. நீ காலேஜுல போயி உக்காந்திருக்க.”

‘நீ காலேஜில் போய் உட்கார்ந்திருக்கிறாய்’ என்பது அவளுக்குள் எலும்பு மாதிரிச் சிக்கிக்கொண்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை எடை நாலு கிலோ எழுநூறு. நாகமணி அங்கன்வாடியிலேயே கற்பூரம் கொளுத்தாத குறை. “இன்னும் முந்நூறுதான்” என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் காளீஸ்வரி வீட்டுக்குள் நுழையும்போது, மாமனாரும் மாமியாரும் தறிப் பக்கம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெலுங்கு பாதி புரியும், பாதி புரியாது. ‘பாப்பா’ என்றாள் நாகமணி. பிறகு ‘பருவு’ என்றாள். பிறகு, ‘மந்து ஒத்து’.

மந்து என்றால் மருந்து. ஒத்து என்றால் வேண்டாம். அது அவளுக்குத் தெரியும். பருவு தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று தமிழுக்கு மாறியது. “வந்துட்டியா அம்மாயி? காப்பி இருக்கு.”

மறுநாள் மாடல் பிராக்டிகல். எட்டுப் பெண்கள் எட்டு மூசைக் கிண்ணங்களைச் சூடேற்றி, ஆற வைத்து, எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீழ்படிவை உலர்த்தி எடை பார்க்கிற கணக்கு. காளீஸ்வரிக்கு எடை ஏகத்துக்குக் கூடுதலாக வந்தது. நவநீதகிருஷ்ணன் சார் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு அவள் நோட்டைப் பார்த்தார்.

“என்னம்மா, தங்கமா எடுத்திருக்கே? சரியாக் காயல. இது உப்போட எடை இல்ல, தண்ணியோட எடை. திரும்பக் காய வையி.”

அவள் மூசையைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். பக்கத்து மேசையில் ப்ரியா. அவளும் பாளையம்பட்டிதான், அவர்கள் வீட்டிலும் தெலுங்குதான்.

“ஏ ப்ரியா, பருவுன்னா என்னடி?”

“பருவா? பாரம்டி. சொமை. எங்கம்மா என்னைய சொல்லும், ‘நீ எனக்குப் பெரிய பருவுடி’ன்னு.” ப்ரியா சிரித்தாள். “உங்க அத்த உன்னையச் சொல்லிச்சாக்கும்?”

பாப்பா. பாரம். மருந்து வேண்டாம்.

காளீஸ்வரியின் கையிலிருந்த இடுக்கி மேசையில் விழுந்தது. லேப் கோட்டைக் கழற்றி ப்ரியா மேல் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். “ஏம்மா, மார்க்குப் போயிரும்மா!” என்று சார் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. கையை நீட்டி, முதலில் நின்ற ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். மணி ஒன்றே முக்கால்.

வீட்டு முன்கட்டில் வேங்கடபதி தரையில் குந்தியிருந்தார். நெய்து முடித்த சேலைகளை மடித்து அடுக்கி, பக்கத்தில் ஒரு செம்பு. செம்பிலிருந்து கையில் அள்ளி, மடிப்பை விலக்கி விலக்கி உள்ளே தெளித்துக்கொண்டிருந்தார். நூலை எடை போட்டுத்தான் முதலாளி கொடுப்பார், சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவார். தறியில் அறுந்து, உதிர்ந்து, எலி இழுத்து எப்படியும் கொஞ்சம் குறையும். குறைந்தால் பேச்சு வரும். அதற்கு இந்தக் கை நீர். காளீஸ்வரி எத்தனையோ தடவை பார்த்ததுதான். அவர் மருமகளை அந்நேரத்தில் எதிர்பார்க்காமல், கையும் செம்புமாக விழித்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைத் தாண்டிப் போனாள்.

பின்கொல்லையில் நாகமணி துவைகல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடது தோளில் பிள்ளை. வலது கையில் ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சு. கல்லின் மேற்கு மூலையில் அதைக் கவிழ்த்து, கட்டைவிரலால் அழுத்தினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

“அத்தை!”

நாகமணி திரும்பினாள். காளீஸ்வரி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை கனத்தது. பழைய ரோஷினி பஞ்சு மாதிரி இருப்பாள். இது தண்ணீர் நிரப்பிய பை மாதிரி கையில் தளும்பியது. மூச்சு வேகமாக ஓடியது. விலாவெலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது.

“கொல்லப் பாக்குறீங்களா? எம் புள்ளயக் கொல்லப் பாக்குறீங்களா? அடுத்தது பெத்துக்கிடலாம்னு உங்க தங்கச்சி சொன்னப்பவே எனக்குத் தெரியும்.”

“என்ன பேச்சுப் பேசுற அம்மாயி?” நாகமணியின் வாய் கோணியது. “நானா? நான் எதுக்குக் கொல்லணும்?”

“பாரம்னு சொன்னீங்கள்ல? பாப்பா பாரம், மருந்து வேண்டாம்னு. நேத்து நான் கேட்டேன். பருவுன்னா பாரம்தானே? ப்ரியாட்டக் கேட்டுட்டேன்.”

நாகமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“எடை புள்ள, எடை! பருவுன்னா எடை. அங்க உங்க மாமா செம்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணுறாக? அந்தப் பருவு. அஞ்சு கிலோ ஆனாத்தானே டாக்டரு கத்திய எடுப்பாரு? நாம வாரம் பூராம் ஊட்டி ஊட்டி ஏத்துறத, இந்த மருந்து அரைமணி நேரத்துல மூத்திரமா இறக்கிருது. நான்தான் துணி பிழியிறவ, எனக்குத் தெரியாதா எவ்வளவு போகுதுன்னு? இன்னும் ஒரு வாரம் நிப்பாட்டுனா அஞ்சு கிலோ காட்டிரும். காட்டிட்டா ஆபரேசன முடிச்சிருவாங்க. அப்புறம் நீ மருந்து குடு, மாத்திரை குடு, என்ன வேணாக் குடு.” அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “பெரசவத்துக்கு முன்னாடியே உங்கிட்டச் சொன்னேன்ல, படிப்ப விடாதன்னு. உனக்குப் பரீச்ச முடியுறதுக்குள்ள இந்தப் பாட்ட முடிச்சு வச்சிரலாம்னு பாத்தேன்.”

காளீஸ்வரிக்கு அப்போதுதான் முன்கட்டிலிருந்த செம்பு கண்ணுக்குள் வந்தது.

“அத்தை, சேலையில தெளிச்ச தண்ணி வெயில் பட்டா போயிரும். இது நெஞ்சுக்குள்ள போயி நிக்கிற தண்ணி. புள்ள உள்ளுக்குள்ளேயே முங்கிக்கிட்டு இருக்கா.”

நாகமணி பிள்ளையின் விலாவைப் பார்த்தாள். பார்த்தபடியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

108 வந்து, அருப்புக்கோட்டையில் ஆக்சிஜன் வைத்து, மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான்கு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். ஊசி போட்டதும் பிள்ளை துணி துணியாக நனைத்தது. முதல் நாள் நாலு கிலோ எழுநூற்று ஐம்பது. நாலாம் நாள் நாலு கிலோ இருநூற்று முப்பது. எடை இறங்க இறங்கப் பிள்ளைக்கு மூச்சு சீரானது. நாகமணி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நர்சு ஒவ்வொரு தடவை எண்ணைச் சொல்லும்போதும் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கையால் சுற்றி வைத்த நூலை யாரோ உருவி எறிகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அப்படித்தான் பின்னால் ஒருநாள் சொன்னாள்.

டாக்டரிடம் காளீஸ்வரி, மருந்து சில நாள் விட்டுப்போனது என்று மட்டும் சொன்னாள். யார் விட்டது என்று சொல்லவில்லை. அதை நாகமணி கதவோரம் நின்று கேட்டாள்.

வீடு திரும்பியதும் காளீஸ்வரி காலேஜை நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். மாடல் பிராக்டிகலோடு வகுப்புகள் முடிந்திருந்தன; யுனிவர்சிட்டி பிராக்டிகலுக்கு இன்னும் எட்டு நாள். மருந்துப் பாட்டிலைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். நாகமணி அந்தப் பூட்டைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டாள். எட்டு நாளும் சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் வேங்கடபதிதான் வாயைத் திறந்தார். “ஒரு நாளுதான? போயிட்டு வாம்மா. நான் கூட இருந்து பாக்குறேன்.”

“நீங்க செம்ப எடுத்துக்கிட்டு வராம இருந்தாச் சரி மாமா” என்றாள் காளீஸ்வரி. சிரிக்காமல்தான் சொன்னாள். அவர் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டார்.

காலையில் மருந்தைத் தானே கொடுத்தாள். மதிய வேளைக்கு ஒரு மில்லியைச் சிரிஞ்சில் ஏற்றி, மூடி போட்டு, நாகமணி கையில் வைத்தாள். பாட்டில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாகமணி சிரிஞ்சை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

லேபில் அன்று எடை சரியாக வந்தது. இரண்டு தடவை காய வைத்து, இரண்டு தடவையும் ஒரே எண். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றரை மணி பஸ்ஸில் ஜன்னலைப் பிடித்தாள். வளைவு வந்தது.

கொடியில் ஏழு துணி.

முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பஸ் நிற்பதற்குள் இன்னொன்று தோன்றிவிட்டது. ஏழு ஏன்? மதியத்துக்குள் ஏழா? துணியை நனைத்துக் கொடியில் போட எவ்வளவு நேரம் ஆகும்? தொட்டியில் ஒரு முக்கு. எடை காட்டத் தண்ணீர் தெளிக்கத் தெரிந்த வீட்டுக்கு, கணக்குக் காட்டத் துணியை நனைக்கத் தெரியாதா?

முன்வாசல் வழியாகப் போகவில்லை. சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். கொடியில் கிடந்த முதல் துணியை இழுத்து மூக்கில் வைத்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் லேசாக அந்த வாடை இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். நாலாவதை மூக்கிலிருந்து எடுக்கும்போது, சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நாகமணி நிற்பது தெரிந்தது.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தோளில் ரோஷினி, விரலைச் சப்பிக்கொண்டு, விழிப்பாக, இமை வீங்காமல்.

நாகமணி ஜன்னலை விட்டு நகர்ந்துபோனாள்.

எழுத்துப் பரீட்சைகள் மூன்று வாரம் நடந்தன. முதல் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது கொடி காலியாக இருந்தது. காளீஸ்வரி பதறிக் கொல்லைக்கு ஓடினாள். துவைகல் மேல் பிளாஸ்டிக் வாளி. அதில் பிழியாமல், அலசாமல், மூக்கைத் துளைக்கிற வாடையோடு துணிகள்.

“எட்டு இருக்கு” என்றாள் நாகமணி, உள்ளேயிருந்து. “எண்ணிக்கோ. நீ பாத்ததுக்கு அப்புறம் அலசுறேன்.”

“அத்தை, நான்…”

“எண்ணு புள்ள. எனக்கும் அதான் நல்லது.”

பதினெட்டு நாள் அந்த வாளி அப்படித்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் காளீஸ்வரி எண்ணினாள். மூன்றாவது நாள் எண்ணவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே அலச உட்கார்ந்தாள். எண்ணாமல் இருக்க முயன்றும், கொடியில் போடும்போது கை தானாக எண்ணியது. நாகமணி வாளி வைப்பதையும் நிறுத்தவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல்லை இருவரில் யாரும் சொன்னதாக இல்லை. நாகமணி போய்ச் சேர்ந்து இந்த ஆடியோடு ஒரு வருசம் ஆகிவிட்டது. இனிச் சொல்லவும் வழியில்லை.

பெட்டியின் பூட்டு எப்போது போனது என்று காளீஸ்வரிக்கே ஞாபகம் இல்லை. ஒருநாள் பார்த்தபோது பாட்டில் பழையபடி சாமி படத்துக்குக் கீழே இருந்தது.

அந்த வருசம் வைகாசி கடைசியில், ரிசல்ட் வந்த வாரம், ஒரு புதன்கிழமை. அங்கன்வாடியில் கூட்டம். துர்காதேவி டீச்சர் மெஷினைத் துடைத்து வைத்தாள். வெளியே வெயிலில் காய வைத்த துண்டை காளீஸ்வரி தட்டில் விரித்தாள். சட்டை, அரைஞாண், கையிலிருந்த கருப்பு வளையல் எல்லாவற்றையும் கழற்றினாள். துண்டின் எடையைத் தனியாகப் பார்த்துக் கழிக்கச் சொன்னாள்.

“என்னடி, தங்கம் விக்கவா வந்திருக்க?” என்றாள் டீச்சர்.

பிள்ளை நாகமணியின் இடுப்பில் இருந்தது. பாட்டியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“வைங்க அத்தை” என்றாள் காளீஸ்வரி.

நாகமணி பிள்ளையை மருமகள் கையில் கொடுத்தாள். பிறகு இரண்டு எட்டு பின்னால் போய், இரண்டு கையையும் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“எங் கை ஈரம் அம்மாயி. நீயே வையி.”

காளீஸ்வரி வைத்தாள். எண் ஓடியது, தடுமாறியது, நின்றது. துண்டைக் கழித்து ஐந்து கிலோ நாற்பது. டீச்சர் அட்டையை எடுத்தாள். காளீஸ்வரி இன்னொரு தடவை பார்க்கச் சொல்லவில்லை.